விடுமுறைக் கலை வசதியுள்ளோர்க்கு மட்டுமா?

கோடை விடுமுறை தொடங்கியதுமே நகரங்களில் ஓவியம், களிமண் சிற்பம், நாடகம் எனக் கட்டணப் பயிற்சி முகாம்களின் விளம்பரங்கள் நிறைந்துவிட்டன. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கோ கைப்பேசித் திரையே கதி என்றாகிவிட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளைகளின் சலிப்பு இன்னும் கூடுதல். அரசிடம் வழி இல்லாமல் இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் கற்பிக்கின்றன. ஆனால், அவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களோடு நின்றுவிடுகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழா, கிராமத்துப் பிள்ளைகளின் திறமையை வெளிக்கொணர்ந்தது. அந்த ஆர்வம் மே மாதத்தில் அறுபட வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகளையும் ஊர்ப்புற நூலகங்களையும் வெயில் ஏறுவதற்கு முன்பான காலை நேரத்தில் திறந்து, இலவச முகாம்கள் நடத்தலாம். ஓலை முடைவோர், குயவர், தோற்பாவைக் கூத்துக் கலைஞர் ஆகியோரை உரிய மதிப்பூதியத்துடன் பயிற்றுநராக்கினால் அவர்கள் வாழ்வுக்கும் அது கைகொடுக்கும். இதைச் சாக்கிட்டுத் தேர்வும் மதிப்பெண்ணும் பரிசுப் போட்டியும் நுழைந்துவிடக் கூடாது. கிறுக்கவும் கலைக்கவும் குழந்தைக்கு உரிமை வேண்டும். பள்ளிக் கல்வித் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த விடுமுறையிலேயே இதைத் தொடங்க வேண்டும்.