இரண்டே பொருத்தம் போதும்

“கார்ப் பந்தயமா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்!” என்று பக்கத்தைப் புரட்டப் போகிற சகோதரி சற்றுப் பொறுக்க வேண்டும். இந்த வாரம் நாம் பேசப் போவது உண்மையில் ஒரு கல்யாணத்தைப் பற்றி. மாப்பிள்ளை ஒரு சினிமாப் படம். மணப்பெண் ஒரு கணக்கு நோட்டு.

பந்தயக் காரில் இரண்டு சாட்சிகள் ஏறிக்கொண்டு போகின்றன. ஒன்று காமிரா. ஓட்டுகிறவருக்கு எதிரே பாதை எப்படி ஓடி வருகிறதோ, அதை அப்படியே படம் பிடிக்கிறது. மற்றொன்று கையில் அடங்கும் ஒரு பெட்டி. வேகம் எவ்வளவு, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, பிரேக்கை எப்போது மிதித்தார், எவ்வளவு அழுத்தினார் என்று வினாடிக்குப் பல தடவை எழுதிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்குக்கு டெலிமெட்ரி என்று பெயர். ஃபார்முலா ஒன் என்னும் பெரிய பந்தயத்தில் ஓடும் ஒரு காரில் இப்படி வேவு பார்க்கும் கருவிகள் சுமார் 300 உண்டு. அங்கே போட்டி நடக்கும்போதே காரிலிருந்து படம் காட்டும் வழக்கம், 1985-ல் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் ரெனோ கார் ஒன்று காமிராவைச் சுமந்து ஓடியபோது ஆரம்பித்தது.

பணக்கார கோஷ்டிகளுக்குப் படத்தையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய ஆள்படையே இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் ஓட்டிப் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர். காமிரா ஒரு கடையில் வாங்கியது. பெட்டி வேறொரு கடையில் வாங்கியது. காமிராவுக்கு ஒரு கடிகாரம், பெட்டிக்கு ஒரு கடிகாரம். நம் வீட்டுக் கூடத்துக் கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் என்றைக்காவது ஒரே மணி காட்டியது உண்டா?

“அரை வினாடி முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்?” என்று கேட்பீர்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். அரை வினாடியில் கார் 25 மீட்டர் தாண்டிவிடும். இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்!

பந்தயப் பாதைகளில் கடினமான வளைவுக்கு முன்னால் 150, 100, 50 என்று மீட்டர் பலகைகள் நட்டிருப்பார்கள். நம் பெண் உண்மையில் வளைவுக்கு 75 மீட்டர் இருக்கும்போது பிரேக்கை மிதித்தாள். ஆனால் படத்தைவிடக் கணக்கு அரை வினாடி முந்திக்கொண்டுவிட்டது. அதனால் திரையில் 100 மீட்டர்ப் பலகை வரும்போதே அவள் மிதித்துவிட்டதாகத் தெரிகிறது. பயிற்சி கொடுப்பவர் பார்க்கிறார். “ஏன் அம்மா இவ்வளவு பயம்? இன்னும் 25 மீட்டர் தள்ளி மிதி” என்கிறார். அவளும் சொன்னபடி கேட்கிறாள். மறுதடவை மிதிப்பது 50 மீட்டர்ப் பலகையில்! அதற்குள் வேகம் அடங்குமா? ஓரத்தில் அடுக்கி வைத்த டயர்ச் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகையால் இந்தக் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தே தீர வேண்டும். நல்ல வேளையாகப் பத்துப் பொருத்தம் தேவையில்லை, இரண்டே போதும்.

முதல் பொருத்தம் ஆரம்பத்தில். கோடம்பாக்கத்தில் படம் பிடிக்கும்போது காமிராவுக்கு முன்னால் கட்டையை ‘டப்’பென்று தட்டுவார்களே, எதற்காக? தனியாகப் பதிவான படத்தையும் ஒலியையும் பின்னால் அந்தத் தட்டலில் வைத்து ஒட்டுவதற்காகத்தான். காரிலும் அதே யுக்திதான். புறப்படுவதற்கு முன் இரண்டையும் ஓடவிட்டு, காமிரா பார்க்கும்படி பெட்டியின் மேல் ஒரு தட்டு. குலுக்கலை அளக்கும் கருவி பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருப்பதால், கணக்கில் ஒரு கோடு துள்ளி எழும். அந்தத் துள்ளலையும் படத்தில் தெரியும் கையையும் ஒன்று சேர்த்தால் சரி.

தட்ட மறந்துவிட்டால்? சங்கீதம் பழகிய காது போதும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 200 வெடிப்பு. அதுவே அதன் சுருதி. மேல் கியருக்கு மாற்றியதும் சுருதி சட்டென்று இறங்கும்; அதே சமயம் கணக்கில் சுற்றும் இறங்கும். அங்கே முடிச்சுப் போடலாம். கார் மெள்ள நகரத் தொடங்கும் இடத்தில் மட்டும் போடக்கூடாது. எந்தக் கணத்தில் நகர்ந்தது என்று படமும் தெளிவாகச் சொல்லாது. அந்த ஆமை வேகத்தில், செயற்கைக் கோளைக் கேட்டு வேகம் எழுதும் பெட்டியும் தடுமாறும்.

இரண்டாவது பொருத்தம் முடிவில். இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. புறப்படும்போது சேர்ந்து கிளம்பிய இரண்டு பேர் கடைசி வரை சேர்ந்தே நடப்பார்கள் என்பது என்ன நிச்சயம்? பல காமிராக்கள் வினாடிக்கு 30 படம் என்று சொல்லிக்கொண்டாலும் உண்மையில் எடுப்பது 29.97. அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சிக்காக ஏற்பட்ட கணக்கு இது, இன்றுவரை விடவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியமாக 30 என்றே வைத்துக் கணக்குப் போட்டால், 20 நிமிஷத்தில் 1.2 வினாடி பிசகும். 180 கிலோமீட்டர் வேகத்தில் அது 60 மீட்டர்! கடைசிச் சுற்றில் இன்னொரு கியர் மாற்றத்தைப் பிடித்துச் சரிபார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு ஒன்றைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ இரண்டையும் ஒழுங்காக இணைத்துவிடலாம்.

இப்போது செயற்கைக் கோளின் நேரத்தைத் தானே வாங்கிப் படத்தோடு எழுதிக்கொள்ளும் காமிராக்களும் வந்துவிட்டன. வேலை பாதி குறைந்தது. ஆனாலும் முதலிலும் முடிவிலும் ஒரு தடவை பார்த்துவிடுவது உத்தமம். படம் பொய் சொல்லவில்லை. கணக்கும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளைப் பிசகாகச் சேர்த்தபோதுதான் ஒரு பொய் பிறந்தது.

அந்தப் பெண் பந்தயத்தில் ஜயிப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர வேண்டாமா?