விண்வெளிப் போட்டியில் நம் இடம்

வல்லரசுகள் விண்வெளியில் நடத்தும் போட்டியைச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கின்றோம். இதில் நம் நாட்டுக்கு எத்தனையாவது இடம் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன விடை கூறுவோம்?

எண்ணிக்கையால் அளந்தால் விடை எளிது. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்கா நூற்றுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை ஏவியது, சீனா 67, இந்தியா 7. அதே ஆண்டு ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது உண்மையே. எனினும் மனிதரை நிலவில் இறக்கிய நாடு அமெரிக்கா ஒன்றே.

ஆனால் மற்றோர் அளவுகோலும் உண்டு. பிறரிடம் பெற்றதைத் தானே ஆக்க ஒரு நாடு கற்றுக்கொண்டதா என்பதே அது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நாம் ஏவிய முதல் ராக்கெட் அமெரிக்காவில் செய்யப்பட்டது. அப்பணிக்கென அங்கிருந்த புனித மரிய மதலேன் ஆலயத்தை விட்டுக்கொடுத்தவர்கள் ஆயர் பெர்னார்டு பெரேராவும் மீனவ மக்களுமே.

ரேடார் செயற்கைக்கோளின் கதையும் இவ்வாறே. சாதாரண ஒளிப்படக் கருவி மேகத்தை ஊடுருவாது. ரேடாரோ தானே நுண்ணலைகளை அனுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு இரவிலும் மழையிலும் நிலத்தைப் படமெடுக்கும். ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் நிற்கும் வயலையும், கொள்ளிடம் பெருகும்போது நீர் சூழும் ஊர்களையும் காண இது வேண்டும். கனடா 1995-லேயே இத்தகைய கோளை ஏவிவிட்டது. 2009-ல் நாம் ஏவிய கோளின் ரேடார் இஸ்ரேல் தந்தது. 2012 ஏப்ரல் 26 அன்று, 1,858 கிலோ எடையுள்ள ரிசாட்-1 நம் சொந்த ரேடாருடன் விண்ணேறியது.

அத்திட்டத்தின் இயக்குநர் நம் அரியலூரில் பிறந்த என். வளர்மதி. நிர்மலா பெண்கள் பள்ளியில் படித்து, கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்று, 1984-ல் விண்வெளி நிறுவனத்தில் சேர்ந்தவர். 2015-ல் தமிழக அரசின் முதல் அப்துல் கலாம் விருதும் அவருக்கே கிடைத்தது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும், "படித்தது போதும், வரன் பார்க்கலாம்" என்னும் பேச்சு எழும் இல்லங்கள் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்றும் உண்டு. அப்பேச்சு எழுமுன் பெற்றோர் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. நாடுகளின் போட்டியில் நம் இடம் ஏவுதளத்தில் மட்டுமன்று, நம் வீட்டுத் திண்ணையிலும் முடிவாகின்றது.