கனவு நகரத்தின் இரண்டு வாசல்கள்

நமது நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு தினுசான பிரயாணக் கட்டுரை ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. சென்னையில் விமானம் ஏறி, இடையில் ஓர் ஊரில் விமானம் மாறி, ஏறத்தாழ ஒரு முழு நாளைப் பிரயாணத்திலேயே கழித்து, நியூயார்க்கில் போய் இறங்குகிறார் ஒரு கனவான். கால் மரத்துப் போயிருக்கிறது. தூக்கமில்லாமல் கண் எரிகிறது. ஆனால் வானளாவிய கட்டிடங்களின் விளக்குகளைக் கண்டதும் களைப்பெல்லாம் பறந்துவிடுகிறதாம். வந்தவரையெல்லாம் கட்டித் தழுவி வரவேற்கும் நகரம் இது என்று எழுதி, நாலு படங்களையும் போட்டு முடித்துவிடுகிறார்.

கனவான் ஊர் பார்க்கப் போனதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. நகரமும் அழகான நகரம்தான். அதைக் கட்டியது உழைப்பாளியின் கை. அந்தக் கைவேலையைக் கண்டு வியப்பதில் நாம் யாருக்கும் பின்வாங்கமாட்டோம். ஆனால் வந்தவரையெல்லாம் வரவேற்கிறது என்கிறாரே, அங்கேதான் அவரை நிறுத்திக் கேட்கிறோம்: எல்லோரையுமா?

சரித்திரம் என்ன சொல்கிறது?

நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலையைத் திறந்து வைத்தது 1886ம் ஆண்டில். சீனத் தொழிலாளி அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டதோ 1882ம் ஆண்டில். தேவி தீபத்தை உயர்த்துவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது!

அந்தச் சிலைக்கு அருகில் எல்லிஸ் தீவு இருக்கிறது. 1892லிருந்து 1954 வரை அங்கே குடியேற்றச் சோதனைச் சாவடி இருந்தது. 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக உள்ளே போனார்கள். ஆனால் கப்பலில் வந்த அத்தனை பேரும் அந்தத் தீவில் இறக்கப்படவில்லை. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களைக் கப்பலிலேயே மேலெழுந்தவாரியாகப் பார்த்து, நேரே நகரத்தில் இறக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த ஏழைகளை மட்டும் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வைத்தியர்கள் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார்கள். இருதயம் பலவீனமா, கால் ஊனமா, அதற்கொரு எழுத்தைச் சட்டையில் சுண்ணக்கட்டியால் போட்டார்கள். சந்தையில் மாட்டுக்குக் குறி போடுவதில்லையா, அதே போலத்தான்! 1909ல் அதிகாரி இன்னொரு நிபந்தனை வைத்தார்: கையில் 25 டாலர் இருக்க வேண்டும்.

ஒரே கப்பல், ஒரே சமுத்திரம், ஒரே துறைமுகம். ஆனால் வாசல் மட்டும் இரண்டு. எந்த வாசல் என்பதைத் தீர்மானித்தது டிக்கெட்டின் விலை.

நமது நாட்டாருக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1917ம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும்பகுதியையே தடை செய்யப்பட்ட மண்டலமாக்கியது. பகத் சிங் திந்த் என்ற இந்தியர் முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர். அவர் வெள்ளையர் அல்ல, ஆகவே பிரஜையாக முடியாது என்று 1923ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பட்டாளத்துக்கு ஆகும் உடம்பு, பிரஜா உரிமைக்கு ஆகாது! 1946ல்தான் மனமிரங்கினார்கள்: ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாமாம். என்ன தாராளம்!

சரி, சாவடியைத் தாண்டி உள்ளே போனவனுக்குக் கனவு பலித்ததா?

1911 மார்ச் 25ந் தேதி, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பற்றியது. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மாடிகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம் பெண்கள். கப்பலில் வந்து அந்தத் துறைமுகத்தில் கால் வைத்தவர்கள். முதலாளிகள் இருவரையும் கோர்ட் விடுதலை செய்தது. பிற்பாடு வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

இந்தச் சாவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே, 1909 நவம்பரில், கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறி வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினார். இருபதாயிரம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். டிரையாங்கிள் முதலாளிகளோ சங்கத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டார்கள். தீ விபத்துக்குப் பிறகு தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. அவை மாண்டவர்களின் பிணங்களின் மீதும், உயிரோடிருந்தவர்களின் போராட்டத்தின் மீதும் எழுந்த சட்டங்கள். முதலாளி தானாக மனமுவந்து கொடுத்தது ஒன்றுமில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று கனவான் சொல்லக்கூடும். அவர் விமான நிலையத்திலிருந்து ஏறிப் போன மஞ்சள் டாக்சியையே எடுத்துக்கொள்வோம். அதை ஓட்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். வங்காள தேசத்தாரும் பாகிஸ்தானியரும் பஞ்சாபியரும் அவர்களில் ஏராளம். டாக்சி ஓட்டும் உரிமத்தை நகர சர்க்கார் ஏலம் விட்டுப் பணம் சேர்த்தது. 2014 வாக்கில் ஓர் உரிமத்தின் விலை 10 லட்சம் டாலரைத் தொட்டது. டிரைவர்கள் கடன் வாங்கி அதை வாங்கினார்கள். பிறகு விலை சரிந்தது. கடன் மட்டும் சரியவில்லை. 2018ல் டிரைவர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2021ல் டாக்சித் தொழிலாளர் சங்கம் நகர மண்டபத்தின் முன் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தது. கடனை 1 லட்சத்து 70 ஆயிரம் டாலராகக் குறைக்கவும், அதற்கு நகர சர்க்காரே ஜாமீன் நிற்கவும் ஒப்புக்கொள்ள வைத்தது. கனவானின் கட்டுரையில் விளக்குகள் இருந்தன, வண்டியோட்டி இல்லை.

வாசலில் அன்று கேட்டது 25 டாலர். 2025 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் என்ன அறிவித்தது? 10 லட்சம் டாலர் கொடுப்பவருக்குத் தங்க அட்டையாம்! அதே நாளில், எச்-1பி விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படும் ஊழியருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றும் அறிவிப்பு. இரண்டு வாசல்களும் அப்படியே இருக்கின்றன. ரேட்டு மட்டும் ஏறியிருக்கிறது.

நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து வெளிநாடு புறப்படும் நமது இளைஞர்களைப் போகாதே என்று நாம் தடுக்கவில்லை. இங்கே வேலை கொடுக்க வக்கில்லாதவர்களுக்கு அப்படித் தடுக்கும் உரிமையும் இல்லை. நாம் சொல்வது இதுதான்: எந்த நகரத்தில் இறங்கினாலும், வானத்தைத் தொடும் கட்டிடத்தை அண்ணாந்து பாருங்கள், பார்த்துவிட்டு, அதைக் கட்டியவன் எங்கே குடியிருக்கிறான், அவனுடைய சங்கம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்த நகரத்தில் உங்களுக்காகத் திறக்கும் முதல் கதவு சங்கத்தின் கதவுதான்!