கூடப் படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தது

எண்பது வயதுத் தாத்தாவுக்குப் பழைய பள்ளித் தோழரிடமிருந்து போன் வந்தால், என்ன பேசுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஒருவருக்கு சுகர் ஏறிவிட்டது. இன்னொருவருக்குக் கண் ஆபரேஷன். மூன்றாமவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு கணக்கு வாத்தியாரின் பிரம்பு, சுவர் ஏறிக் குதித்துப் பார்த்த சினிமா, அதே கதை, அதே சிரிப்பு. நூறு தடவை கேட்ட கதைதானே என்று பேரப்பிள்ளைகள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

இந்தக் கதைகளால் யாருக்கு என்ன லாபம்? சொல்பவருக்குப் பொழுது போகிறது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. கூடப் படித்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும் செய்தியை வேறு யாராலும் சொல்ல முடியாது. அரசாங்கத்தாலும் முடியாது, சரித்திரப் புத்தகத்தாலும் முடியாது, சில சமயம் பெற்ற தாயாலும் முடியாது. இதற்குச் சாட்சியாக ஜப்பானின் தெற்குக் கோடியில், ஒகினாவா தீவில், வயதான சில பள்ளித் தோழிகள் செய்த வேலை இருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து குகைக்கு

ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் ஒரே வளாகத்தில் இரண்டு பெண்கள் பள்ளிகள் இருந்தன. ஒன்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் பெண்கள் பிரிவு. இன்னொன்று முதல் பெண்கள் உயர்நிலைப் பள்ளி. வாசலுக்கு வரும் பாதையில் வரிசையாக அக்கேசியா மரங்கள். இரண்டு பள்ளிகளுக்கும் ஆளுக்கொரு மலர் (பள்ளி இதழ்) உண்டு. ஒன்றின் பெயர் ஓதோஹிமே, மற்றதின் பெயர் ஷிராயூரி. இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்து வந்ததுதான் 'ஹிமெயூரி'. பின்னாளில் உலகம் முழுக்கப் போர்த் துயரத்தின் அடையாளமாகிப்போன அந்தப் பெயர், உண்மையில் இரண்டு பள்ளி ஆண்டு மலர்களின் பெயர்!

1945 மார்ச் 23 இரவு, அந்தப் பள்ளிகளிலிருந்து 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும் ஜப்பானிய ராணுவ மருத்துவமனையில் வேலை செய்ய அனுப்பப்பட்டார்கள். மாணவிகளுக்கு வயது 15 முதல் 19. சீக்கிரமே பள்ளிக்குத் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் பேனா, புத்தகம், சீப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு நாள் கழித்து, மார்ச் 29 இரவு, அங்கேயே ஒரு கொட்டகையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர்களுக்குப் பட்டமளிப்பு விழா நடந்தது. வெளியே குண்டுச் சத்தம். ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கப் படை ஒகினாவாவின் பெரிய தீவில் இறங்கியது.

மருத்துவமனை என்றால் கட்டடம் இல்லை. ஹாயெபாரு என்ற ஊரில் மலையைக் குடைந்து தோண்டிய சுரங்கங்கள். உள்ளே காயம்பட்ட சிப்பாய்கள், இருட்டு, நாற்றம். புண்ணில் நெளியும் புழுக்களை எடுப்பது, காலை அறுக்கும்போது பிடித்துக்கொள்வது, குண்டு மழைக்கு நடுவே தண்ணீரும் சோறும் கொண்டுவருவது, செத்தவர்களைப் புதைப்பது... இதெல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் வயதுப் பெண்களின் வேலை. மே கடைசியில் ராணுவம் தெற்கே பின்வாங்கியபோது நடக்க முடியாதவர்கள் அங்கேயே விடப்பட்டார்கள்.

ஜூன் 18 இரவு திடீரென்று உத்தரவு வந்தது. மாணவிகள் அணி கலைக்கப்படுகிறது, இனி அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கே போவது? சுற்றிலும் அமெரிக்கப் படை. எதிரியிடம் பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை இஹாராவில் ஒரு குகைக்குள் குண்டு வீசப்பட்டு, உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். கடற்கரையில் சிலர் கையெறி குண்டை வெடித்து மாண்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். மார்ச் முதல் ஜூன் 18 வரை, ஏறக்குறைய 90 நாளில், இறந்தவர்கள் 19 பேர். கலைத்துவிட்ட பிறகு ஒரு சில நாட்களில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். போன 240 பேரில் மொத்தம் 136 பேர் திரும்பவில்லை. அணியில் சேராமல் வேறிடங்களில் இறந்த மாணவிகளையும் ஆசிரியர்களையும் சேர்த்தால் 227. இரண்டு பள்ளிகளும் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

பேசாமல் இருந்த நாற்பது வருடம்

1946 ஏப்ரலில் அந்த இஹாரா குகையின் வாயில் ஒரு சின்னக் கல் நடப்பட்டது. மகள்களைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் முன்னின்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து வைத்த கல் அது. 1953-இல் இமாய் தாதாஷி இயக்கிய 'ஹிமெயூரி கோபுரம்' என்ற சினிமா வெளிவந்து ஜப்பான் முழுக்க ஓடியது. நாட்டுக்காக உயிர் கொடுத்த தூய்மையான கன்னிப் பெண்கள் என்று ஒரு பிம்பம் ஊரெல்லாம் பரவிவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் பூ வைத்து அழுதுவிட்டுப் போனார்கள்.

உயிரோடு திரும்பிய தோழிகள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் வாயே திறக்கவில்லை. கல்யாணம், குழந்தை, வேலை என்று போய்விட்டார்கள். மறந்ததால் அல்ல. செத்துப்போன தோழியின் அம்மாவைத் தெருவில் பார்த்தால் என்ன சொல்வது? தன்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு மகள் ஞாபகம் வருமே என்று பயந்து, இறந்தவர்களின் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் உண்டு. உயிரோடு இருப்பதே ஒரு குற்றம் போலத் தோன்றிய வாழ்க்கை.

ஆனால் வயது ஐம்பதைத் தாண்டியபோது ஒரு விஷயம் உறைத்தது. தாங்களும் போய்விட்டால் அந்தத் தோழிகளைப் பற்றிச் சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்கள். மிஞ்சுவது கல்லும் சினிமாவும்தான். 1980-களில் பழைய மாணவிகள் சங்கம் ஓர் அருங்காட்சியகம் கட்ட முடிவு செய்தது. நாற்பது வருடமாகக் கால் வைக்காத குகைகளுக்குள் அந்தப் பெண்கள் மறுபடி இறங்கினார்கள். மண்ணைத் தோண்டி, தோழிகளின் எலும்புகளையும் பேனாவையும் பென்சில் பெட்டியையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். 1989 ஜூன் 23-ஆம் தேதி ஹிமெயூரி அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய மாணவிகளின் பணத்திலும் நன்கொடையிலும் எழுந்த தனியார் அருங்காட்சியகம் அது.

சுவரில் இருக்கும் முகங்கள்

அங்கே ஓர் அறையில் இறந்துபோன மாணவிகள், ஆசிரியர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், குணம், எப்படி இறந்தார் என்ற குறிப்பு. இந்த மூன்றில் நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். குணம்!

பெயரைப் பள்ளிப் பதிவேடு சொல்லும். இறந்ததை ராணுவ ஆவணம் ஒருவேளை சொல்லும். ஆனால் ஒரு பெண் வகுப்பில் எப்படி இருப்பாள், எதில் கெட்டிக்காரி, எப்படிச் சிரிப்பாள் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இருக்காது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும். நாட்டுக்கு அவள் தியாகி, சினிமாவுக்குக் கதாநாயகி, புள்ளிவிவரத்துக்கு 227-இல் ஒன்று. கூடப் படித்தவளுக்கு மட்டுமே அவள் அவளாக இருக்கிறாள்.

வயதானவர்களின் ஞாபகத்தை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒருத்தி பார்த்தது அவள் ஒளிந்திருந்த குகையை மட்டும். அதனால்தான் தோழிகள் ஒன்றாக உட்கார்ந்து, யார் எந்தக் குகையில் இருந்தார்கள், யாரைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு சேர்த்துக் கோத்தார்கள். ஒருவர் ஞாபகம் வெறும் கதை. பத்துப் பேர் ஞாபகம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அது சாட்சியம்.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. அவர்கள் தங்களை அழகுபடுத்திக்கொள்ளவில்லை. கட்டாயப்படுத்தி இழுத்துப் போனார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் போருக்கு ஆதரவாகவே வளர்க்கப்பட்டோம், கேள்வி கேட்காமல் நம்பினோம், ஜெயிப்போம் என்று நினைத்துத்தான் போனோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். தியாகிப் பட்டம் சுலபமாகக் கிடைத்தபோதும் அதை வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் அவர்கள். அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டால் அடுத்த தலைமுறையும் அதே மாதிரி அனுப்பப்படலாம் அல்லவா?

"போர் அடிக்கிறது"

2005-இல் டோக்கியோவில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வு பெரிய சர்ச்சையானது. ஆங்கிலத் தாளில் ஒரு பத்தி. ஒகினாவா போன மாணவன் ஒருவன் குகைக்குள் போனபோது மனம் அதிர்ந்தான். ஆனால் பிறகு முன்னாள் ஹிமெயூரி மாணவி பேசியதைக் கேட்டபோது அவனுக்கு அலுத்துவிட்டது. பலமுறை சொல்லிச் சொல்லி அவர் பேச்சில் தேர்ந்துவிட்டதாக அவனுக்குப் பட்டது. இதுதான் அந்தப் பத்தியின் சாரம். ஒகினாவாவில் கொதித்துப் போனார்கள். அந்தப் பள்ளி மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்போடு அதை மூடிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பத்தியில் ஓர் உண்மை இருக்கிறது. வயதானவர்கள் சொல்வது இளைஞர்களுக்கு அலுக்கத்தான் செய்கிறது. தாத்தா போனில் பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவதும் அதுதானே? ஆனால் அந்தப் பாட்டிக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு சரளமாக வந்தது? வருடக்கணக்கில், தினம் வரும் பள்ளிக் குழந்தைகளுக்கு, தன் தோழி செத்த நாளை அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கேட்பவனுக்கு அரை மணி நேரம். சொல்பவருக்கு ஒவ்வொரு முறையும் அதே குகை. சொல்லித் தேர்ந்தது நடிப்பு அல்ல, உழைப்பு.

அந்த அலுப்பை அந்தப் பெண்களும் அலட்சியம் செய்யவில்லை. போரையே அறியாத தலைமுறைக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்தார்கள். போருக்குப் பின் பிறந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். மாணவர்களுக்காக அவர்கள் நடத்திவந்த பேச்சு நிகழ்ச்சி 2015 மார்ச்சோடு முடிந்தது. அப்போது எல்லோருக்கும் வயது 85-ஐத் தாண்டிவிட்டது. 2018-இல் முதல்முறையாகப் போருக்குப் பின் பிறந்த ஒருவர் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். 2021-இல் காட்சிக்கூடத்தைப் புதுப்பித்தபோது ஓவியங்கள் சேர்க்கப்பட்டன; போருக்கு முன் பள்ளியில் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும் படங்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. இப்படிச் சிரித்தவர்கள்தான் அப்படிச் செத்தார்கள் என்று புரிந்தால்தானே அலுக்காது?

சாட்சிகள் போன பிறகு

இந்த ஞாபகங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2025-இல் நடந்தது பதில். அந்த வருடம் மே மாதம், ஜப்பானின் ஆளுங்கட்சி மேலவை உறுப்பினர் ஒருவர் நாஹாவில் நடந்த கூட்டத்தில், ஹிமெயூரியில் வைத்திருக்கும் விளக்கங்கள் சரித்திரத்தையே மாற்றி எழுதுகின்றன என்கிற மாதிரி பேசினார். அவர் சொன்னது போன்ற வாசகம் தங்களிடம் இல்லை என்று அருங்காட்சியகம் மறுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அவர் பேச்சைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்.

இருபது வருடம் முன்பு என்றால் முன்னாள் மாணவிகள் ஒரு டஜன் பேர் எழுந்து நின்று, "அங்கே இருந்தது நாங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். இப்போது அப்படி நிற்க ஆட்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நல்லவேளையாக அவர்கள் பேசியதும் எழுதியதும் சுவரில் ஒட்டியதும் இருக்கிறது. நாற்பது வருட மௌனத்தை அவர்கள் உடைக்காமலே போயிருந்தால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

ஒகினாவாவில் நடந்தது பெரும் போர். எல்லாப் பள்ளிக்கும் அப்படி ஒரு சரித்திரம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் எல்லா வீட்டுப் பரணிலும் ஒரு பழைய குரூப் போட்டோ இருக்கும். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பையன் யார் என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவர்தான். அவரும் போனபின் அந்தப் பையன் வெறும் முகம்.

அடுத்த முறை தாத்தாவுக்கோ பாட்டிக்கோ பழைய தோழரிடமிருந்து போன் வந்தால் டிவியைக் கொஞ்சம் குறைக்கலாம். பேசி முடித்த பிறகு அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் பின்னால் எழுதி வைக்கலாம். பெயரோடு நிறுத்திவிடாமல், ஆள் எப்படி என்பதையும் ஒரு வரி கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.