வளவுத் தோட்டம்: எத்தனை வாளி, எத்தனை நேரம்?



சென்ற மாதம் சாய்ந்தமருதிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். "ராத்தா, மிளகாய்க் கன்றுகளுக்கு காலை, பகல், பின்னேரம் என்று மூன்று நேரமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியிருந்தும் இலை மஞ்சளாகி ஓரம் கருகுகிறது. கிணற்றில் மோட்டர் போட்டிருக்கிறோம், தண்ணீருக்குக் குறைவில்லை. நான் எங்கே பிழை விடுகிறேன்?"

'தண்ணீருக்குக் குறைவில்லை' என்ற வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதே பிழையை நானும் ஒரு காலத்தில் விட்டவள்தான்.

எங்கள் மூத்தம்மாவின் காலத்தில் வளவுக் கிணற்றில் துலாவும் வாளியும்தான். சுபஹுக்குப் பிறகு கத்தரிக்கும் பயிற்றைக்கும் கணக்காக வாளி இறைப்பார். கை நோகும் அளவோடு தண்ணீரும் நின்றுவிடும். "இலைக்கு ஊத்தாத புள்ள, வேருக்கு ஊத்து. இலையா தண்ணி குடிக்கிது?" என்பார். எங்களுக்கு அப்போது அது சிரிப்பு.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அந்தத் துயரத்தை இங்கே எழுத நான் முற்படவில்லை. கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகாமிலிருந்து வளவுக்குத் திரும்பியபோது கிணறு சேறும் உப்புமாகக் கிடந்தது. பம்ப் கொண்டுவந்து வற்ற இறைத்தார்கள். ஊறிய தண்ணீர் மீண்டும் உப்பு. மறுகா ஒருமுறை இறைத்தார்கள். அது முந்தியதை விட உப்பாக இருந்தது. நானோ அவசரக்காரி. சமையலுக்கு ஒரு கத்தரிக்காயாவது வளவில் காய்க்கட்டும் என்று அந்தத் தண்ணீரையே ஊற்றி நாற்று நட்டேன். பத்து நாளில் இலை ஓரம் எல்லாம் தீய்ந்து, கன்றுகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. "மழை கழுவட்டும், பொறு" என்றார் உம்மா. இரண்டு மாரி கழிந்த பிறகுதான் அந்தக் கிணற்றில் கீரை வளர்ந்தது.

பின்னர் கிழக்குக் கரையின் கிணறுகளை ஆராய்ந்த நீர் நிபுணர்களும் உம்மா சொன்னதையே சொன்னார்கள். திரும்பத் திரும்ப இறைத்ததில் பெரிய பலன் இருக்கவில்லை, சில இடங்களில் அது கீழிருந்த உப்பை மேலே இழுத்தது, கழுவியது மழைதான் என்று.

இதற்குக் காரணம் நமது மண்ணின் அமைப்பு. மருதமுனையிலிருந்து நிந்தவூர், ஒலுவில் வரை கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு மணல் கீற்று. அதில்தான் நாம் குடியிருக்கிறோம். மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. கடலோரக் கிணறுகளுக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு பழைய கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும். ஆகவே மேலே ஓர் அடியை நாம் குறைத்துவிட்டால் கீழே உப்பு எவ்வளவு தூரம் ஏறிவர இடமுண்டு என்று யோசித்துப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில், மழையும் இல்லாமல், மோட்டரை அரைமணி நேரம் திறந்துவிட்டு ஹோஸ் பைப்பைப் பாத்தியில் போட்டுவிட்டு நாம் சமையலுக்குப் போகிறோம். துலாவுக்கு நோவு இருந்தது. மோட்டருக்கு அது இல்லை.

சரி, எவ்வளவுதான் ஊற்றுவது? நல்ல வெயிலும் காற்றும் உள்ள நாளில் வளர்ந்த மரக்கறிப் பாத்தி ஒன்று சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் தண்ணீரை இழக்கிறது. பத்தடி நீளம், மூன்றடி அகலமான பாத்தி மூன்று சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆக, பத்து லீற்றர் வாளியில் ஒன்றரை வாளி. அவ்வளவுதான்! கச்சான் கடுமையாக அடிக்கும் நாளில் இரண்டு வாளி போதும். மாரியில் பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே தேவையில்லை. அப்போது தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் வாய்க்கால் வெட்டுவதுதான் வேலை.

எத்தனை நேரம் என்பது மண்ணைப் பொறுத்தது. கடற்கரைப் பக்கத்து மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் நாலு வாளி ஊற்றினால் வேரைத் தாண்டிக் கீழே ஓடிவிடும். தனியாகவும் ஓடாது, நீங்கள் போட்ட எருவையும் யூரியாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கே போகும். கல்பிட்டி மணலில் மரக்கறி செய்யும் இடங்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியது இப்படித்தான். ஆகவே மணல் வளவில் தினம் ஒரு நேரம், அளவாக. மேற்கே வயலோரம் களி கலந்த மண் உள்ளவர்கள் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் போதும். நாற்று மேடைக்கும் புதிதாக நட்ட கன்றுக்கும் மட்டும் முதல் வாரம் காலையும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பூசணியும் பாகலும் துவண்டு நிற்பதைக் கண்டு பதறி ஓடாதீர்கள். வெயில் தணிந்ததும் தானே நிமிர்ந்தால் அதற்குத் தாகமில்லை. காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலை. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே குளிர்ச்சி இருந்தால் வாளியை வைத்துவிட்டுப் போய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஊற்றும் நேரம் காலைதான் நல்லது. இரவில் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சணம் வரும். தக்காளிக்கு இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் சேர்த்து ஊற்றும் பழக்கம் வேண்டாம். காயின் அடி கறுத்து அழுகுவதும் தோல் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த ஏற்றத்தாழ்வால்தான்.

மணலைத் திருத்தவும் வழியுண்டு. நடும் குழியின் அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி அடுக்கி, மேலே மண்ணும் மாட்டெருவும் போடுங்கள். அது கிண்ணம் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாத்தியின் மேல் வைக்கோலோ காய்ந்த இலைகுழையோ பரப்பினால் ஒருநாள் ஊற்ற மறந்தாலும் தோட்டம் தாங்கும். வீட்டில் பழைய மண்முட்டி இருந்தால் கழுத்து வரை பாத்தியில் புதைத்து நீர் நிரப்பி மூடி வையுங்கள். கசிந்து கசிந்து வேருக்குப் போகும். வுழூச் செய்யும் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை, ஐந்து நேரமும் நாலைந்து பேர் செய்யும் வீட்டில் அதுவே ஒரு பாத்திக்குக் காணும். நான் குழாயடியிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி அதை வல்லாரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விட்டிருக்கிறேன். அரிசி, மீன் கழுவிய தண்ணீரும் சேரலாம். உடுப்புக் கழுவிய தண்ணீர் வேண்டாம். கருவாடு ஊறிய தண்ணீர் வேண்டவே வேண்டாம். (இதை எழுதக் காரணம், என் மச்சி ஒருத்தி அதைத்தான் வெண்டிக்கு ஊற்றிவிட்டு என்னிடம் வந்து அழுதாள்.)

2022இல் சாமான்களுக்கு நாடே திண்டாடியபோது, அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். நம் ஊரிலும் பல வளவுகளில் புதிதாகப் பாத்தி விழுந்தது. அது நல்ல விடயம். ஆனால் கச்சான் காலத்தில், வளவுக்கு வளவு மோட்டர். ஒருவர் கிணற்றில் அதிகம் இறைத்தால் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் அது தெரியும். மணலுக்குக் கீழே வேலி கிடையாது.

சாய்ந்தமருதுச் சகோதரிக்கு வருகிறேன். இலை மஞ்சளாவது, மூன்று நேரத் தண்ணீரில் எரு கழுவுண்டு போவதாலும் வேர் மூச்சடைப்பதாலும் இருக்கலாம். ஓரம் கருகுவதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. மோட்டரை நிறுத்தி, காலையில் வாளியால் மேல் தண்ணீரை மொண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மறுபடி மோட்டரை இருபது நிமிடம் ஓடவிட்டு அந்தத் தண்ணீரையும் பாருங்கள். இரண்டாவது கரித்தால் உங்கள் கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. அப்படியானால் மாரி வரும் வரை தோட்டத்துக்கு மோட்டர் போடாமல், வாளியால் ஒரு நேரம் மட்டும், அடிமரத்தைச் சுற்றி ஊற்றுங்கள், இலையில் படவே கூடாது. போஞ்சி நடும் எண்ணமிருந்தால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள், உப்பை அது தாங்காது. பீற்றூட் தாங்கும். பார்த்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.