தட்டில் தெரியும் வளையமும் தொழுவத்துச் சாணமும்: மரக்காடி ஆய்வுகள் குறித்து

பெங்களூரு அடுகோடியில் கால்நடை அறிவியலுக்கான இரண்டு முக்கிய நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம். 1923இல் பெங்களூரில் தொடங்கிய அந்நிறுவனத்தின் தலைமையகம் 1955இல் கர்னாலுக்கு மாறியது; பழைய இடம் மண்டல நிலையமாகத் தொடர்கிறது. மற்றொன்று, 1995இல் நிறுவப்பட்ட தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம். கறவை மாட்டுக்கும் கோழிக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் குறைத்தால் அவற்றின் இடத்தில் எதைக் கொடுப்பது என்னும் கேள்வி இத்தகைய நிறுவனங்களுக்கே உரியது. வளர்ச்சி ஊக்கிகளாக அம்மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி முதல் தடுத்துவிட்டது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக விளங்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்கு அளிப்பதை இந்திய அரசு 2019 சூலையில் தடைசெய்தது. ஆகவே மாற்று தேடுவது இன்று கட்டாயமாகிவிட்டது.

அம்மாற்றுகளுள் ஒன்றாக முன்வைக்கப்படுவது மர வினிகர் எனப்படும் மரக்காடி. அதன் கிருமிநாசினித் தன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால், அத்தன்மையை நிறுவுவதாகக் கூறும் ஆய்வுகளில் பல, நிறுவ வேண்டியதை நிறுவாமலே முடிந்துவிடுகின்றன.

மரத்தைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கும்போது எழும் புகையைக் குளிர்வித்தால் பழுப்பு நிறப் புளிப்பு நீர் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர். எஞ்சியதில் முதன்மையானது அசிட்டிக் அமிலம். இது மரத்தின் ஹெமிசெல்லுலோஸிலிருந்து பிரிகிறது. லிக்னின் சிதைவதால் குவாயகால், சிரிங்கால் முதலிய ஃபீனால் சேர்மங்கள் உண்டாகின்றன. இவற்றோடு மெத்தனால், ஃபார்மால்டிஹைடு, ஃபர்ஃபுரால் ஆகியவையும் கலந்திருக்கும்.

இதன் வரலாறு நெடியது. மரத்தாரிலிருந்து கிரியோசோட்டை ரைக்கன்பாக் பிரித்தெடுத்தது 1830களின் தொடக்கத்தில். கர்நாடகத்துக்கும் இது புதிதன்று. விசுவேசுவரய்யாவின் முயற்சியால் உருவாகி 1923இல் உற்பத்தியைத் தொடங்கிய பத்ராவதி இரும்பு ஆலை, உலைக்கு வேண்டிய கரியை மரத்திலிருந்தே பெற்றது. புகையை வீணாக்காமல் வடித்துக் கால்சியம் அசிட்டேட், மெத்தில் ஆல்கஹால், மரத்தார் ஆகியவற்றையும் எடுத்தது. அன்று தொழில்துறை அறிந்திருந்த பொருளை இன்று நுண்ணுயிரியல் மீண்டும் கையில் எடுத்திருக்கிறது.

சிக்கல் ஆய்வுமுறையில் இருக்கிறது. வழக்கமான ஆய்வேடு ஒன்றின் போக்கு பலருக்கும் தெரிந்ததே. ஏதோ ஒரு மரத்தின் காடி பெறப்படுகிறது. அகார் தட்டில் குழியிட்டு ஊற்றப்படுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ. கோலி ஆகியவற்றின் வளர்ச்சி தடைபட்ட வளையம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. ‘இம்மரக்காடி சிறந்த இயற்கைக் கிருமிநாசினி’ என்று முடிவுரை எழுதப்படுகிறது. அவ்வளையத்தை உண்டாக்கியது மரமா, வெறும் புளிப்பா என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. மரக்காடியின் பி.எச். மதிப்பு பெரும்பாலும் 2க்கும் 4க்கும் இடையில் இருக்கும். அதே அளவு அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீரும் தட்டில் வளையம் காட்டும். அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வு, சமையலறை வினிகர் செய்யும் வேலையை மரத்தின் பெயரில் எழுதிவிடுகிறது.

இது வெறும் நுணுக்க வாதமன்று. அயனியாகப் பிரியாத அசிட்டிக் அமில மூலக்கூறே பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்ல வல்லது. பி.எச். 4.76இல் அமிலத்தின் பாதி அந்நிலையில் இருக்கும், பி.எச். 7இல் 1 விழுக்காடுகூட இராது. பாலின் பி.எச். ஏறத்தாழ 6.7. சாணமும் சிறுநீரும் கலந்த தொழுவத் தரை காடியின் புளிப்பை விரைவில் முறித்துவிடும். தட்டில் வென்ற அமிலம் தொழுவத்தில் தோற்பதற்கு இதுவே போதும்.

மாறாக, குவாயகால் போன்ற ஃபீனால்கள் நடுநிலை பி.எச். மதிப்பிலும் பெரும்பாலும் பிரியாமலே இருக்கும். மரக்காடிக்கென்று தனிச் சிறப்பு ஏதேனும் இருக்குமாயின் அதைத் தேட வேண்டிய இடம் இதுவே. காடியை நடுநிலையாக்கிய பின்னும் கிருமி மடிகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மரத்துக்கு மரம், வெப்பநிலைக்கு வெப்பநிலை இச்சேர்மங்களின் அளவு மாறும். ஊசியிலை மரங்களில் குவாயகால் வகை மிகுதி. தைலமரம், சவுக்கு போன்றவற்றில் சிரிங்கால் வகையும் சேரும். மரத்தின் பெயரும் சுட்ட வெப்பநிலையும் இல்லாத முடிவை வேறொருவர் மீண்டும் சோதிக்கவே இயலாது.

நம்பிக்கை தரும் சான்றுகளும் உண்டு. மரக்காடியை உறிஞ்சிய மரப்பட்டைக் கரியைத் தீவனத்தில் கலந்தபோது கோழிகளின் குடலில் சால்மோனெல்லா அகன்றதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர். கோழியிலேயே சோதித்தது அதன் வலிமை. எனினும் அங்கும் கரி கிருமியைப் பற்றிக்கொண்டதில் ஒரு பங்கு உண்டு. முழுப் பெருமையையும் காடிக்கு அளிக்க இயலாது. அதே ஜப்பானில், பூச்சிக்கொல்லிச் சட்டத் திருத்தம் 2003இல் நடைமுறைக்கு வந்தபோது உணவு வினிகரும் சமையல் சோடாவும் பதிவின்றிப் பயன்படுத்தத்தக்கவையாக ஏற்கப்பட்டன. தலைமுறைகளாகப் பயன்பட்டுவந்த மரக்காடி மீதான முடிவு ஒத்திவைக்கப்பட்டது. ‘இயற்கையானது’ என்னும் சொல் அங்கே சான்றாகக் கொள்ளப்படவில்லை.

அந்த எச்சரிக்கைக்குக் காரணமும் உண்டு. புதிதாக வடித்த காடியில் தார் கலந்திருக்கும். தாரில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் இருக்கலாம். மாதக்கணக்கில் தெளியவைத்துத் தாரைப் பிரிப்பது அதனால்தான். மடிநோய் கண்ட பசுவின் காம்பில் தடவப்படும் பொருள் பாலிலும் கன்றின் வாயிலும் சேரும் என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

ஆகவே, மரக்காடி குறித்த ஆய்வேடு ஒவ்வொன்றிடமும் நான்கைக் கேட்பது நியாயம்: மரம், வெப்பநிலை, தெளியவைத்த காலம் ஆகிய விவரங்கள், அதே அமில அளவும் பி.எச். மதிப்பும் கொண்ட அசிட்டிக் அமிலத்தோடு ஒப்பீடு. கரிமப் பொருள் கலந்த நிலையில் சோதனை. தார் எச்சத்தின் அளவு. மூன்றாவதற்கு முன்மாதிரி உண்டு. கால்நடைத் துறைக்கான ஐரோப்பியச் சோதனைமுறையான இ.என். 1656, புரதமும் ஈஸ்ட் சாறும் கலந்த அழுக்கு நிலையிலேயே கிருமிகள் ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்கிறது. அதனோடு ஒப்பிட்டால் தட்டு வளையம் முதற்படி மட்டுமே.

இக்கண்டிப்பு மரக்காடிக்கு எதிரானதன்று. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் சீமைக்கருவேலங் கரிமூட்டங்களின் புகை காற்றோடு போகிறது. அதை வடித்து விற்க முடியுமானால் மூட்டம் போடுபவருக்குக் கூடுதல் வருவாய் கிடைக்கும். ஆனால், அரைகுறைச் சான்றை நம்பி வாங்கிய புட்டி ஒருமுறை பொய்த்துவிட்டால், இரண்டு மாடு வைத்திருப்பவர் மீண்டும் ஆன்டிபயாட்டிக் ஊசியைத்தான் நாடுவார். அதன்பின் நல்ல காடி வந்தாலும் நம்பமாட்டார். முனைவர் பட்டத்துக்கு வளையம் போதுமானதாக இருக்கலாம். அந்தப் பசுவுக்கு அது போதாது. பால்பண்ணை அறிவியலும் தீவன அறிவியலும் ஒரே பகுதியில் இயங்கும் அடுகோடி போன்ற இடத்தில் இச்சோதனை முறையாகத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.