பின்வயலுக்கு ஒரு வழி

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூரில் ரயிலேறி மீஞ்சூரில் இறங்கி, காட்டூர் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து என் நிலத்துக்குப் போனேன். கல்லுக்கால் ஓரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒண்ணேகால் ஏக்கர் பயிர் வைப்பவர். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே, "யம்மா, இந்த நவரை அறுப்புக்கு மிஷினு போக ஒரு வழி வுடணும். கிராவலு நானே கொட்டிக்கறேன். ஒங்களுக்கு அஞ்சு பைசா செலவு இல்ல" என்றார்.

அவர் கேட்டது தென் ஓரமாகப் பத்தடி அகலம். என் இடம் மொத்தம் 90 சென்ட். 1994-ல் என் வீட்டுக்காரர் பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. ரிட்டையர் ஆனதும் தென்னை வைப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வைக்கவில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே விளைவது வேலிகாத்தான் ஒன்றுதான்.

இத்தனை வருஷம் இல்லாத வழி இப்போது எதற்கு என்று கேட்டேன். முன்பு ஆட்கள் அறுத்துக் கட்டித் தலைச்சுமையாக வரப்பிலேயே கொண்டுவந்துவிடுவார்களாம். இப்போது அறுக்க ஆள் கிடையாது, மிஷின்தான். மிஷின் போய்க்கொண்டிருந்த மேற்குப் பக்கத்து நிலத்தையும் பிளாட் போட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். கதிர் முற்றி நிற்கும், மிஷின் ரோட்டில் நிற்கும், நடுவில் என் வேலி.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு சட்டம் சொன்னார்கள். "அக்கா, பன்னெண்டு வருஷம் வுட்டீனா அவனுக்கே சொந்தமாய்டும்" என்றான் தம்பி. இந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கைத் தெரியாத ஆளை வடசென்னையில் நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் நிபந்தனையைத் தெரிந்த ஆளையும் பார்த்ததில்லை. பொன்னேரி கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஒரு அம்மாவிடம் போனேன். பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே அவர் விளக்கியதைத்தான் இங்கே என் பாஷையில் எழுதுகிறேன். என்னைப் போல ஊரில் இடம் வாங்கிப் போட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் என்பது 1963-ம் வருஷத்து காலவரையறைச் சட்டத்தில் இருப்பது. ஒருவர் உங்கள் இடத்தைப் பகிரங்கமாக, தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, உங்களுக்கு எதிராக வைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும். நீங்கள் சம்மதித்து உள்ளே வந்தவருக்கு அது ஓடவே ஓடாது. வெறுமனே நடந்துபோகும் வழிக்கு வேறு சட்டம்: 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம். முதன்முதலில் அது நடைமுறைக்கு வந்த இடங்களில் நம்முடைய மெட்ராஸ் மாகாணமும் ஒன்று; வழித்தகராறு நமக்கு அவ்வளவு பழசு போலிருக்கிறது. அதன்படி 20 வருஷம் தடையில்லாமல், பாத்தியமாக நினைத்து நடந்தால் வழி நிலைத்துவிடும். அங்கேயும் அனுமதி பெற்று நடந்த வருஷங்கள் சேராது. யாரோ நடக்கிறார்கள், நமக்கென்ன என்று பார்த்தும் பார்க்காமல் இருப்பதில்தான் ஆபத்து. வாயைத் திறந்து "போய்க்கோங்க" என்று சொல்லி, அதை ஒரு தாளிலும் எழுதி வைத்தவருக்கு நிலம் போகாது.

அடுத்து வக்கீலம்மா சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "வழி விடுங்க. ஆனா கிராவலை மட்டும் அவரைக் கொட்ட விடாதீங்க" என்றார். இலவசமாக வருவதை எதற்கு வேண்டாம் என்கிறார் என்று விழித்தேன். அதே 1882 சட்டத்தில் 60-வது பிரிவு இருக்கிறதாம். உங்கள் அனுமதியை நம்பி ஒருவர் தன் காசைப் போட்டு நிரந்தரமான வேலை எதையாவது செய்துவிட்டால், அந்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது. கிராவல் நிரந்தர வேலையா இல்லையா என்று பத்து வருஷம் வழக்காடலாம். "அந்தப் பத்து வருஷ ஃபீஸு எனக்கு வரும், ஒங்களுக்கு என்ன வரும்?" என்று சிரித்தார்.

இன்னும் ஒன்று. பயிர் வைக்கக் கொடுப்பது வேறு சங்கதி. வாரத்துக்கோ குத்தகைக்கோ ஒருவர் தன் உழைப்பைப் போட்டு உழ ஆரம்பித்தால், 1955-ம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். நிற்க வேண்டியதும்தான். அதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். ஆடு மேய, நெல் காய வைக்க, வழி நடக்க விடுவதற்கு அந்தப் பயம் தேவையில்லை. கூரை எழுப்பவும் கரண்ட் கனெக்‌ஷன் வாங்கவும் விடாதீர்கள். மாட்டுக்கொட்டகைக்கு என்று இடம் விட்ட எங்கள் உறவுக்காரர் ஒருவர், மூன்றாம் வருஷம் அந்தக் கொட்டகையின் பேரில் வீட்டுவரி ரசீதைப் பார்த்து மயங்கி விழாத குறை.

சட்டம் இத்தனை தெளிவாக இருக்கும்போது எனக்கு ஏன் இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை? காரணம் எங்கள் ஆயா. எண்ணூர்க் கரையில் ஒரு குப்பத்தில் கருவாடு போட்டவள். விடியும் முன்பே மணலைக் கூட்டி வலையை விரித்து, நெத்திலியையும் காரப்பொடியையும் பரப்பிவிட்டு, காக்கை விரட்ட என்னை ஒரு குச்சியோடு உட்கார வைப்பாள். அது யாருடைய இடம் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு கம்பெனி காம்பவுண்டு சுவர் எழுப்பிய பிறகுதான் கேட்டார்கள். பேர் எதற்கு, இப்போது அங்கே எத்தனையோ சுவர்கள். ஆயாவிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. சுவரைச் சுற்றிக் கூடையோடு நடந்து நடந்தே அவள் முட்டி போனது.

பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் பாடு முறை வைத்திருக்கிறார்கள். எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள். தண்ணீருக்கு யாரிடமும் பட்டா இல்லை. ஆனாலும் முறை இருக்கிறது, முறை தவறினால் கேட்க ஆள் இருக்கிறது. ஆயா காய வைத்த மணலுக்கு அப்படி எதுவும் எழுதாமல் போயிற்று. அவள் பேத்தியான நான் இன்று பட்டாவைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, இன்னொருவர் நெல்லுக்கு வழி விடலாமா என்று யோசிக்கிறேன்.

மீஞ்சூர்ப் பக்கம் போகும்போது இன்னொன்றும் உறுத்தும். 1960-களின் கடைசியிலிருந்தே சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சினோம். விவசாயிகளின் கிணறுகளையும் வாடகைக்குப் பிடித்தோம். கடல் தண்ணீர் உள்ளே ஏறி மீஞ்சூர்க் கிணறுகள் உப்புக் கரித்துப்போயின. பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளைக்கு 10 கோடி லிட்டர், அதுவும் நமக்குத்தான். அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த ஊர்க்காரர் பத்தடி கேட்டால் முள்கம்பியைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே விட்டேன். கிராவல் நாலு லோடு நானே கொட்டினேன், ரசீதும் என் பேரில். தாளில் எழுதியது இவ்வளவுதான்: தென் ஓரம் பத்தடி அகலத்தில் ஆள், மாடு, வண்டி, அறுவடை இயந்திரம் போய்வர என் அனுமதியின் பேரில் விடப்படுகிறது, இதனால் எந்தப் பாத்தியமும் ஏற்படாது, வருஷா வருஷம் தை மாதம் புதுப்பிக்கப்படும்.

தாளை நீட்டியதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா, நம்பிக்கை இல்லியா?" "ஒங்க மேல இருக்கு. ஒங்க பேரன் மேலயும் என் பேரன் மேலயும்தான் இல்ல" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நியூயார்க்கில் ராக்பெல்லர் சென்டருக்குள் ஓடும் தெருவை, இது தனியார் தெரு என்பதை நிலைநாட்ட வருஷத்தில் ஒரு நாள் அடைப்பார்களாம். நானும் காணும் பொங்கலன்று ஒரு முள்ளை வெட்டிப் போடலாம் என்று வக்கீலம்மா சொன்னார். அன்றைக்குப் பார்த்து முள்ளை வெட்டப் போவது யார்? அதையும் பின்வயல்காரரிடம்தான் சொல்லியாக வேண்டும்.

நிலத்தைப் பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்கும் நாம் காவல் இல்லை. தினமும் அந்த வழியே நடக்கிறவர்தான் காவல். அவரிடம் பேசுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், வழி விடுங்கள். உங்கள் இடமும் பக்கத்து நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையிலிருந்து பிரிந்தவையா என்று மூலப் பத்திரத்தையும் ஒருமுறை பாருங்கள். அப்படிப் பிரிந்து, அவருக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால், வழி கேட்பது அவருடைய உரிமை. உங்கள் தயவு அங்கே தேவைப்படாது.

சித்திரை இரண்டாம் வாரம் மிஷின் போனது. செயின் பட்டுத் தென்கிழக்கு மூலையில் சர்வே கல் சாய்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே அவர்தான் போன் செய்து சொன்னார். கல்லை நாமாக நடக்கூடாது என்பதால் சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் அந்த இடத்தில் ஒரு பனங்கட்டையை அடித்து வைத்திருக்கிறார்.